58-ஆம் நகர்வு: கடைசி வரிசையில் ஒரு வெள்ளி

2020 ஜூன் 28 அன்று தோக்கியோவின் ஷோகி மாளிகையில், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் பெரும் பட்டங்களுள் ஒன்றான கிசேய்க்கான 91-ஆவது பட்டப் போட்டியின் இரண்டாம் ஆட்டம் நடந்தது. அந்த ஆட்டத்தை ஷோகி உலகம் அதன் 58-ஆம் நகர்வுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. அப்போது 17 வயதான ஃபுஜி சோட்டா, எதிரியிடமிருந்து வெட்டிக் கையிருப்பில் வைத்திருந்த வெள்ளித் தளபதி என்னும் காயை எடுத்துத் தன் பக்கத்துக் கடைசி வரிசையில், 3-1 என்ற கட்டத்தில் வைத்தார். ஆட்டம் முடிந்த பிறகு அந்த நகர்வோடு 60 கோடி என்ற எண் ஒட்டிக்கொண்டது. ஷோகி மென்பொருள் ஒன்று 60 கோடி நிலைகளை ஆராய்ந்த பின்னரே அதைச் சிறந்த நகர்வாகக் கண்டது என்ற செய்தி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இயந்திரத்தையே மிஞ்சிய சிறுவன் என்ற கதை அங்கிருந்துதான் பரவியது. எனக்கு ஃபுஜியின் ஆட்டம் மிகவும் பிடிக்கும். அதனாலேயே, அந்த எண் அந்த நகர்வுக்கு நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன். பலகையில் அந்த வெள்ளி என்ன செய்தது, அதை வைப்பதற்கு ஏன் துணிச்சல் தேவைப்பட்டது என்பதே சொல்லப்பட வேண்டிய செய்தி.

அந்தக் கோடையின் சூழலை முதலில் சொல்ல வேண்டும். கொரோனா நெருக்கடி காரணமாக ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே மாத இறுதி வரை ஃபுஜி ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடவில்லை. தடை நீங்கியதும் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஜூன் 2 அன்று அரையிறுதியில் சாத்தோ அமாஹிகோவையும், ஜூன் 4 அன்று சவாலாளரைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் நகாசே தகுயாவையும் வென்றார். ஜூன் 8 அன்று பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அமர்ந்தார். அன்று அவருக்கு 17 ஆண்டு 10 மாதம் 20 நாள். பட்டத்துக்குச் சவால் விட்ட மிக இளையவர் என்று 1989 முதல் யாஷிகி நொபுயுகியின் பெயரில் இருந்த பதிவு, நான்கே நாள் வித்தியாசத்தில் ஃபுஜியின் கைக்கு வந்தது.

எதிரே இருந்தவர் வதனபே அகிரா. வயது 36. கிசேய், ஓஷோ, கியோ என்னும் மூன்று பட்டங்களை அப்போது வைத்திருந்தார். நடுநிலைப் பள்ளி மாணவனாக இருக்கும்போதே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர்கள் வரலாற்றில் ஐந்து பேர். நான்காமவர் வதனபே, ஐந்தாமவர் ஃபுஜி. இருபது வயதில் ரியூஓ பட்டத்தை வென்று அடுத்து எட்டு முறை தொடர்ந்து தக்கவைத்த வதனபே, எதிரியின் தாக்குதல் எங்கே தீர்ந்துபோகும் என்பதைக் கணிப்பதிலும், மெலிதாகத் தோன்றும் தன் தாக்குதலை அறுபடாமல் நீட்டுவதிலும் பெயர் பெற்றவர். இந்த இரண்டாவது திறமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 58-ஆம் நகர்வு அதைக் குறிவைத்துத்தான் வந்தது.

சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு ஷோகியின் அடிப்படை எளிதில் பிடிபடும். ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள், ஆளுக்கு இருபது காய்கள், எதிரி ராஜாவைச் சிறைப்படுத்துவதே இலக்கு. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வெட்டிய காய் பலகையை விட்டு ஒழிவதில்லை. அது வெட்டியவரின் கையிருப்பில் சேர்கிறது. தன் முறை வரும்போது ஒரு நகர்வுக்குப் பதிலாக அந்தக் காயைக் காலியான ஏதாவதொரு கட்டத்தில் தன் காயாக இறக்கலாம். இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. சதுரங்கத்தில் காய்கள் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். ஷோகியில் காய்கள் மாற மாற ஆட்டம் கொதிக்கும். கையிருப்பில் உள்ள வெள்ளி எங்கே வேண்டுமானாலும் தோன்றலாம் என்ற அச்சமே எதிரியைக் கட்டிவைக்கிறது. அதை ஒரு கட்டத்தில் இறக்கிவிட்டால் அந்த அச்சம் தீர்ந்தது. எனவே கையிருப்புக் காயை எதிரி ராஜாவின் தலைமேல் இறக்குவதற்காகச் சேர்த்து வைப்பார்கள். தன் வீட்டுக் கடைசி வரிசையில் இறக்க வேண்டி வந்தால், வேறு வழியில்லாமல் செய்ததாகவே பொதுவாகப் படும்.

குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆடுபவர் பலகையின் கீழே இருக்கிறார். நெடுவரிசைகள் அவருடைய வலது கையிலிருந்து 1 முதல் 9 வரை எண்ணப்படும்; கிடைவரிசைகள் மேலிருந்து கீழாக 1 முதல் 9 வரை. இரண்டாவதாக ஆடுபவரின் கடைசி வரிசை 1. சதுரங்கத்தைப் போல இருவரின் நகர்வையும் சேர்த்து ஒன்றாக எண்ணுவதில்லை, தனித்தனியாக எண்ணுவார்கள். ஆகவே இந்த ஆட்டத்தில் ஒற்றைப்படை நகர்வுகள் வதனபேயுடையவை, இரட்டைப்படை நகர்வுகள் ஃபுஜியுடையவை.

அன்று ஃபுஜி முதன்முறையாகக் கிமோனோ அணிந்து பலகைக்கு வந்தார். ஆசான் சுகிமோட்டோ மசதாகா பரிசளித்த உடை அது. முதல் ஆட்டத்தில் கோட்டும் சூட்டும் அணிந்திருந்தவர், இரண்டாம் ஆட்டத்தில் பட்டப் போட்டியின் மரபுக்குள் வந்து அமர்ந்தார். இருவரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். சிந்திக்க ஆளுக்கு நான்கு மணி நேரம்.

வதனபே 7-6 சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். ஃபுஜி எப்போதும் போல 8-4 சிப்பாயை முன்னேற்றினார். மூன்றாம் நகர்வில் வதனபே வெள்ளியை 6-8-க்கு எடுத்துச் சென்றதும், ஆட்டம் யாகுரா என்னும் பழைய கோட்டை வகைக்குள் செல்கிறது என்பது தெரிந்துவிட்டது. யாகுராவில் இரு தரப்பும் தங்கத் தளபதிகளையும் வெள்ளித் தளபதிகளையும் ராஜாவைச் சுற்றி அடுக்கி, நிதானமாகக் கோட்டை கட்டிய பிறகு மோதிக்கொள்வது பல தலைமுறைகளாக வழக்கம். ஆனால் மென்பொருள் பயிற்சி பரவிய பிறகு, இரண்டாவதாக ஆடுபவர்கள் கோட்டை கட்டக் காத்திருப்பதில்லை. எதிரியின் சுவர் எழும்பும் முன்பே இடித்துப் பார்க்கிறார்கள். ஃபுஜியும் அந்த வேகத் தாக்குதலின் பாதையில்தான் சென்றார்.

முதல் அதிர்ச்சி 42-ஆம் நகர்வில் வந்தது. ஃபுஜி ஒரு தங்கத்தை 5-4-க்கு ஏற்றினார். தங்கம் என்பது முன்னால் மூன்று திசைகளிலும், பக்கவாட்டில் இரண்டிலும், நேர் பின்னால் ஒன்றிலும் ஒரு கட்டம் நகரும் காய். பின்பக்கம் மூலைவாட்டில் அதனால் வர முடியாது. எனவே முன்னே சென்ற தங்கம் வீட்டுக்குத் திரும்புவது கடினம். ராஜாவைக் காக்கத் தங்கமும் வெள்ளியுமாக மூன்று தளபதிகள் வேண்டும் என்பது ஷோகியில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லித்தரப்படும் பழமொழி. அந்த மூன்றில் ஒன்றாக நின்றிருக்க வேண்டிய தங்கத்தைப் பலகையின் நடுவுக்கு, எதிரிக் காய்கள் முகத்துக்கு நேரே நிற்கும் இடத்துக்குக் கொண்டு சென்றது பழைய பாடத்துக்கு முற்றிலும் எதிரானது. ஆட்டத்தைப் பக்கத்து அறையில் ஆராய்ந்துகொண்டிருந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் வியந்துபோனார்கள் என்று அன்றே செய்தி வந்தது. அந்த வியப்பு இயல்பானது. நடுவை அடைத்து நிற்கும் தங்கம் எதிரியின் காய்களை முன்னேற விடாமல் தடுக்கும் என்பது ஒரு பக்கம். ராஜா திறந்து கிடப்பார் என்பது மறுபக்கம். இந்த நகர்வைச் செய்பவர் தன் ராஜாவின் ஆபத்தைக் கடைசி வரை தானே கணக்கிட்டுச் சுமக்க வேண்டும்.

58-ஆம் நகர்வைத் தனியாக எடுத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 42-இல் தங்கத்தை முன்னே அனுப்பியவர்தான் 58-இல் வெள்ளியைப் பின்னே வைக்கிறார். ஒரு தளபதி முன்னேறிச் சென்றதால் உண்டான கடனை இன்னொரு தளபதியைக் கொண்டு அடைக்கிறார் என்றே நான் படிக்கிறேன். இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான், முதல் நகர்வு விளையாட்டுத்தனமான துணிச்சல் அல்ல என்பதும், இரண்டாவது நகர்வு பயத்தில் செய்தது அல்ல என்பதும் புரிகிறது.

57-ஆம் நகர்வு வரை வந்து நின்று பலகையைப் பார்த்தால், காய்களின் மோதல் தொடங்கிவிட்டிருக்கிறது. முதல் அடியை யார் அழுத்தமாக அடிப்பது என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது. இப்படிப்பட்ட நிலையில் ஷோகி ஆட்டக்காரரின் கை தாமாகவே எதிரி எல்லையை நோக்கித்தான் செல்லும். தாக்குதலில் ஒரு நகர்வு முந்தியவர் வெல்வார் என்பதும், தற்காப்புக்குச் செலவிட்ட ஒவ்வொரு நகர்வும் எதிரிக்குக் கொடுத்த கடன் என்பதும் இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. ஃபுஜி 23 நிமிடம் யோசித்தார். பிறகு வெள்ளியை 3-1-இல் இறக்கினார்.

அந்தக் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டாம் ஆட்டக்காரரின் வெள்ளி ஒன்று நிற்கும் இடமே 3-1. ஐம்பத்தெட்டு நகர்வுகள் கடந்து, காய்கள் மோதிச் சிதறிய பிறகு, ஒரு வெள்ளி மீண்டும் தொடக்க நிலைக் கட்டத்தில் வந்து அமர்கிறது. வெள்ளி முன்னால் மூன்று திசைகளிலும், பின்னால் மூலைவாட்டில் இரண்டு திசைகளிலும் நகரும். கடைசி வரிசையில் நிற்கும்போது அதற்குப் பின்புறம் என்று ஒன்றில்லை. மிஞ்சுவது 2-2, 3-2, 4-2 என்ற மூன்று கட்டங்கள். அந்த மூன்றையும் காப்பது மட்டுமே அதன் வேலை. எதிரியின் எந்தக் காயையும் அது மிரட்டவில்லை. அடுத்த நகர்வில் எதையும் வெட்டப் போவதும் இல்லை. தாக்குதல் மதிப்பு என்று பார்த்தால் பூச்சியம்.

ஆனால் அந்த மூன்று கட்டங்கள்தாம் எதிரி கால் ஊன்ற வேண்டிய இடங்கள். தாக்குதல் என்பது ஷோகியில் தொடர் சங்கிலி. ஒரு காயைத் தியாகம் செய்து ராஜாவின் அருகில் துளை போட்டு, அதில் அடுத்த காயை இறக்கி, ராஜா நகர நகரத் துரத்தி, கையிருப்பு தீரும் முன் முடித்தாக வேண்டும். துளை போடும் இடம் ஒன்றை முன்கூட்டியே அடைத்துவிட்டால், தாக்குபவர் ஒரு காய் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும். அந்த ஒரு காய்ப் பற்றாக்குறையில் முழுத் தாக்குதலும் வறண்டுபோகும். மெலிந்த தாக்குதலை அறுபடாமல் நீட்டுவதில் தேர்ந்தவர் எதிரே இருக்கும்போது, அந்த இழையை எங்கே அறுப்பது என்பதை ஃபுஜி கண்டுபிடித்தார். அதை அறுத்த பிறகு, தன் தாக்குதலுக்கு அவசரம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தற்காப்புக்காகச் செலவிட்ட ஒரு நகர்வு, பிற்பாடு பல நகர்வுகளுக்கான சுதந்திரத்தை வாங்கித் தந்தது. இதைக் கணக்கிட எதிரியின் தாக்குதலை எதிரியின் கண்களாலேயே ஃபுஜி கடைசி வரை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். அந்த 23 நிமிடங்களில் பெரும்பகுதி வதனபேயின் இடத்திலிருந்து யோசித்ததாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி 60 கோடி. அந்தத் தகவலைச் சொன்னவர் சுகிமுரா தத்சுயா. வழக்கறிஞரான இவர் சுய்ஷோ என்ற ஷோகி மென்பொருளை உருவாக்கியவர். அந்த மென்பொருள் 2020 மே மாதம் இணையவழி நடந்த உலகக் கணினி ஷோகிப் போட்டியில் முதலிடம் பெற்றது. 40 கோடி நிலைகளை ஆராய்ந்த கட்டத்தில் 3-1 வெள்ளி மென்பொருளின் முதல் ஐந்து தெரிவுகளில்கூட இல்லை என்றும், 60 கோடியை எட்டியபோது அது திடீரென முதலிடத்துக்கு வந்தது என்றும் அவர் குறிப்பிட்டார். அவர் சொன்னது துல்லியமான, அடக்கமான ஓர் அவதானிப்பு. அது செய்தியாகும்போதுதான் உருமாறியது. ஃபுஜி 60 கோடி நகர்வுகளை 23 நிமிடத்தில் படித்துவிட்டார் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

மனித மூளை அப்படி வேலை செய்வதில்லை. மென்பொருள் தவறான பாதைகளையும் பெருமளவில் நடந்து பார்த்து, பிறகு விலக்குகிறது. மனிதர் பெரும்பாலான பாதைகளைத் திறப்பதே இல்லை. ஆகவே அந்த எண்ணிலிருந்து நாம் அறியக்கூடியது ஒன்றுதான்: அந்த நகர்வின் பலன் மேலோட்டமான ஆழத்தில் தெரியாது, வெகுதூரம் சென்ற பிறகே தெரியும். அதை அறிவதும் பயனுள்ளதே. ஆனால் வெகுதூரத்தில் என்ன இருக்கிறது, மற்ற நகர்வுகள் அங்கே ஏன் உடைகின்றன, 3-1 வெள்ளி ஏன் உடையவில்லை என்பதை எண் சொல்லாது. அதை ஒரு மனிதர் காய்களை எடுத்து வைத்து, இப்படிப் போனால் இங்கே ஒரு காய் குறைகிறது என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். 2020-இல் ஆட்ட ஒளிபரப்புகளின் திரையில் வெற்றி வாய்ப்பு விழுக்காடாக ஓடத் தொடங்கியிருந்தது. விழுக்காடு ஏறினால் நல்ல நகர்வு, இறங்கினால் பிழை என்று முடித்துவிடும் பழக்கம் பார்வையாளர்களிடம் மட்டுமல்ல, எழுதுபவர்களிடமும் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

60 கோடியைவிட எனக்கு மதிப்புள்ள சாட்சி தோற்றவருடையது. வதனபே தன் ஆட்டங்களைப் பற்றித் தானே வெளிப்படையாக எழுதும் வழக்கம் உள்ளவர். 3-1 வெள்ளி தன் மனத்தில் தோன்றவே இல்லை என்று அவர் எழுதினார். முழுக்க முழுக்கத் தற்காப்பான நகர்வு என்பதால், மற்ற வழிகள் சரிவராமல் அதைத் தேர்ந்திருக்கிறார் என்பதே தன் முதல் எண்ணம் என்றும் எழுதினார். எந்த இடத்தில் நிலைமை மோசமானது என்றே தெரியவில்லை, கவனித்தபோது தோல்வி நிலையில் இருந்தேன் என்பதும் அவர் சொன்னதன் சாரம். மூன்று பட்டங்கள் வைத்திருக்கும் ஒருவர் இவ்வளவு நேர்மையாக எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த வாக்குமூலத்தில் பெரிய தகவல் ஒன்றும் இருக்கிறது. பிழை என்று சுட்டிக்காட்டக்கூடிய நகர்வு ஒன்றும் தோற்றவருக்கே தென்படவில்லை. சறுக்கியதற்காகத் தோற்றவர் அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். எங்கே சறுக்கினோம் என்றே தெரியாதவர் தன் மதிப்பீட்டையே சந்தேகிக்க வேண்டியிருக்கும். 58-ஆம் நகர்வுக்குப் பிறகு ஃபுஜிக்குத் தேவைப்பட்டவை இன்னும் பதினாறு நகர்வுகள் மட்டுமே. 90-ஆம் நகர்வைக் கண்டதும் வதனபே தலைவணங்கித் தோல்வியை ஏற்றார். யாகுரா ஆட்டம் ஒன்றில், அவ்வளவு வலுவான ஒருவருக்கு எதிராக, அது குறுகிய முடிவு.

இந்தத் தொடரின் முதல் ஆட்டம் வேறு விதமானது. 157 நகர்வுகள் நீண்ட அந்த ஆட்டத்தின் இறுதியில் வதனபே தொடர்ந்து பதினாறு முறை செக் வைத்தார். ஒவ்வொரு முறையும் தப்பிக்கச் சரியான கட்டம் எது என்று கண்டுபிடித்து நடந்தது ஃபுஜியின் ராஜா. பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டும் ஆட்டம் அது. பரபரப்பு என்ற வகையில் இரண்டாம் ஆட்டத்தை அது விஞ்சும். ஆனாலும் பெரிய ஆட்டம் எது என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் ஆட்டத்தில் கணக்கீட்டின் கூர்மை தெரிகிறது. இரண்டாவதில் எதை மதிக்க வேண்டும் என்ற தீர்ப்பு தெரிகிறது. பதினாறு செக்குகளிலிருந்து தப்புவது பெரிய திறமை. செக் வைக்கவே இடமில்லாமல் செய்துவிடுவது அதைவிடப் பெரியது.

ஜூலை 9 அன்று நடந்த மூன்றாம் ஆட்டத்தில் வதனபே தன் பலம் முழுவதையும் காட்டினார். பிஷப்புகளை மாற்றிக்கொண்டு தொடங்கும் வகையில், ஆட்டத்தின் வெகுதூரம் வரை வீட்டிலேயே ஆராய்ந்து வந்திருந்தார். தயாரிப்பால் மிச்சமான நேரத்தை இறுதிக் கட்டத்துக்கு வைத்துக்கொண்டு 142 நகர்வுகளில் வென்றார். ஃபுஜியைத் தோற்கடிக்க அவர் கண்ட வழி, ஃபுஜி சிந்தித்துக் கண்டுபிடிக்க வேண்டிய இடங்களைக் குறைப்பதாக இருந்தது. இதுவும் ஒருவகையில் 58-ஆம் நகர்வுக்கான பதில்தான்.

அந்தத் தோல்விக்குப் பின்னும், ஜூலை 16 அன்று ஓசகாவில் நடந்த நான்காம் ஆட்டத்தில் வதனபே மறுபடியும் யாகுராவையே தேர்ந்தெடுத்தார். இரண்டாம் ஆட்டத்தில் தன்னை விளங்காத முறையில் வீழ்த்திய அதே வகை. வேறு வழியைத் தேடியிருக்கலாம். தோற்ற பாதையிலேயே திரும்பச் சென்று, பிரச்சினை எங்கே இருந்தது என்று பட்டம் பணயமாக இருக்கும் ஆட்டத்திலேயே தேடிப் பார்த்தார் என்பதே என் வாசிப்பு. 110 நகர்வுகளில் ஃபுஜி வென்றார். 17 ஆண்டு 11 மாத வயதில் கிசேய் பட்டம் அவருடையதானது. 1990-இல் இதே கிசேய் பட்டத்தை 18 ஆண்டு 6 மாத வயதில் வென்ற யாஷிகியின் பதிவு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முறிந்தது.

இருவரும் அதன் பிறகும் பட்டப் பலகையில் பலமுறை சந்தித்தார்கள். 2021-இல் கிசேயை மீட்க வந்த வதனபே மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்; 2022-இல் ஓஷோவை நான்கு நேர் ஆட்டங்களில் இழந்தார்; 2023-இல் கியோ பட்டமும், பின்னர் மெய்ஜின் பட்டமும் ஃபுஜியிடம் சென்றன. 2004 இறுதியிலிருந்து ஏதேனும் ஒரு பட்டமாவது கையில் வைத்திருந்த வதனபே, 2023 ஜூன் 1 அன்று பட்டம் ஏதும் இல்லாதவர் ஆனார். இந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு அவரை ஃபுஜிக்கு ஏற்ற எதிராளி அல்ல என்று மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வலுவற்ற எதிராளிக்கு எதிரே 3-1 வெள்ளி தேவைப்பட்டிருக்காது. கண்ணில் பட்ட முதல் தாக்குதலே போதுமாயிருந்திருக்கும்.

ஆட்டக் குறிப்பைக் கையில் வைத்து இதை ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 57-ஆம் நகர்வில் நிறுத்தி, ஃபுஜியின் இடத்தில் உங்களுக்குப் பிடித்த தாக்குதல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வதனபேயின் பதில்களையும் நேர்மையாக நீங்களே ஆடிப் பாருங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு திறக்கலாம்.